அப்பாவின் வருத்தம் தெரிந்தவர்கள்

தொண்ணூறுகளின் பின்பாதியில் ரொறன்ரோவில் இரண்டு ஆஸ்பத்திரிகளை ஒன்றோடொன்று பேசவைக்க ஒரு திட்டம் நடந்தது. பேச வேண்டியவை கொம்பியூட்டர்கள். பேசியதெல்லாம் மனிதர்கள். ஸ்காபரோவில் இருந்த ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் அறையில், நோயாளர்களின் பைல்களை எடுத்துக் கொடுத்துத் திரும்ப அடுக்கும் பிரிவில் நான் அப்போது கிளார்க். கூட்டங்களுக்கு எங்கள் பிரிவிலிருந்தும் ஒருவர் வரவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும், கூட வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று தலைக்கு மேல் வேலை வந்துவிட்டது. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் நான். ஆகவே நான் போனேன்.

கூட்டத்தில் முதலில் மஃபின் வரும். பிறகு கோப்பி வரும். பிறகு கோட்டும் சூட்டும் போட்ட ஆலோசகர் ஒருவர் வந்து, நகர மத்தியிலிருக்கும் ஆஸ்பத்திரியை ஒரு வட்டமாகவும் எங்கள் ஆஸ்பத்திரியை இன்னொரு வட்டமாகவும் வரைந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டை இழுக்கத்தான் அவருக்குச் சம்பளம். அடுத்த கூட்டத்தில் அதே கோட்டை வேறு நிறத்தில் இழுப்பார். ஒருநாள் பெரிய திரையில் செய்துகாட்டினார்கள். அதற்காகவே உருவாக்கிய ஒரு நோயாளி. அவருடைய சர்க்கரை, பிரஷர், அறுத்தெடுத்த குடல்வால் எல்லாம் ஒரு ஆஸ்பத்திரியில் தட்ட மற்றதில் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஊரிலேயே ஒழுங்கான ரெக்கோட் வைத்திருந்தவர் அந்த மனிதர்தான். ஒரே ஒரு குறை, அவர் பிறக்கவில்லை.

பிறந்த நோயாளிகள் தங்கள் எக்ஸ்ரேயைப் பழுப்பு நிறப் பெரிய உறையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸிலும் சப்வேயிலும் வந்தார்கள். கால் முறிந்தவர் முறிந்த காலின் படத்தைத் தானே காவிக்கொண்டு ஊன்றுகோலோடு வருவார். ஃபாக்ஸ் என்றொரு வசதியும் இருந்தது. நகர ஆஸ்பத்திரி அனுப்பும் ஃபாக்ஸ் கறுப்பாக வரும். திரும்ப அனுப்பச் சொன்னால் இன்னும் கறுப்பாக வரும். சனி, ஞாயிறு அதுவும் வராது. அங்கேயும் இங்கேயும் ரெக்கோட்ஸ் பிரிவு வெள்ளிக்கிழமை பின்னேரம் பூட்டித் திங்கள் காலையில்தான் திறக்கும். சனி, ஞாயிறுகளில் மனிதருக்கு நோய் வருத்தம் வராது என்று யாரோ எங்கேயோ முடிவெடுத்திருந்தார்கள்.

இந்தத் திட்டமெல்லாம் வெள்ளைக்காரருக்குத்தான் தேவைப்பட்டது. எங்கள் ஆட்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. நகர மத்தியில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களில் ஒரு அன்ரிக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கானில் தெரிந்தால், அந்தச் செய்தி அவருடைய குடும்ப வைத்தியருக்குப் போய்ச்சேர மூன்று கிழமை எடுக்கும். ஸ்காபரோவில், அஜின்கோர்ட் மரக்கறிக்கடைக்கு அன்று பின்னேரமே போய்விடும். கல் எத்தனை, எந்த அளவு, ஒப்பரேஷனுக்கு அவர் பயப்படுகிறாரா, மருமகள் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தாளா என்பது வரை விபரம் இருக்கும். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபடி அதைக் கேட்கலாம். ஆலோசகர் இழுத்த கோடுகள் எல்லாம் சேர்ந்தும் அந்த முருங்கைக்காய்க் கூடைக்குக் கிட்ட வரவில்லை.

என் அம்மாவின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கூடைக்கு எதிரான போராட்டமாக இருந்தது.

நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் மாடியில் இருந்த காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சு தாளம் தப்பி அடிக்கத் தொடங்கியது. பக்கத்திலிருந்த அதே நகர ஆஸ்பத்திரியில் சில நாட்கள் வைத்திருந்து, இரத்தம் உள்ளே கட்டிப்போகாமலிருக்க ஒரு குளிசை கொடுத்தார்கள். ஆயுள் முழுக்கப் போடவேண்டிய குளிசை. வீட்டுக்கு விடும்போது டொக்டர் என்னையும் இருத்திவைத்து ஒன்றை இரண்டு முறை சொன்னார். இந்தக் குளிசை போடுகிறவருக்கு இரத்தம் கசியத் தொடங்கினால் இலேசில் நிற்காது. விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே ஒரு கீறல் இல்லாவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். வந்ததும் இந்தக் குளிசையைப் பற்றித்தான் முதலில் சொல்லவேண்டும். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, இதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்றார்.

காரணம் நான்தான். எனக்குக் கலியாண வயது. தகப்பனுக்கு நெஞ்சு வருத்தம் என்றால் மகளின் நெஞ்சையும் தட்டிப் பார்ப்பார்கள் என்பது அம்மாவின் கணக்கு. கணக்கு முழுப்பிழை என்று சொல்ல என்னாலும் முடியவில்லை, எங்கள் சனத்தை எனக்கும் தெரியும். குளிசைப் போத்தலில் ஒட்டியிருந்த தாளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்தார். குளிசைகளை விற்றமின் போத்தல் ஒன்றுக்கு மாற்றினார். விலாசத்தையும் மாற்றினார். அதாவது, சென் ஜேம்ஸ் ரவுண் விலாசத்துக்கு நல்ல இடத்துச் சம்பந்தம் வராது என்று அஜின்கோர்ட்டில் வரிசை வீடுகளில் ஒன்றை, ஒரு ரவுண்ஹவுஸை, வாடகைக்கு எடுக்கவைத்தார். அப்பா மாதாமாதம் இரத்தம் சோதிக்கப் பழைய ஆஸ்பத்திரிக்கே போய்வந்தார். கேட்பவர்களுக்கு, வங்கி அலுவலாகப் போகிறார் என்று சொல்லப்பட்டது. அவ்வளவு வங்கி அலுவல் உள்ள மனிதர் வாகனத் தரிப்பிடத்தில் ரிக்கற் கிழிக்கும் வேலை ஏன் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் திட்டக்காரர்கள் பிறந்த நோயாளிகளைத் தேடத் தொடங்கினார்கள். இரண்டு ஆஸ்பத்திரியிலும் பைல் உள்ளவர்கள் சம்மதித்தால், பரீட்சார்த்தமாக அவர்களுடைய ரெக்கோட் இரண்டு பக்கமும் தெரியும். அப்பாவுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் கண் சோதித்த ஒரு பைல் இருந்தது. நான் வீட்டில் கேட்டேன். அப்பாவுக்கு ஆசை. கொம்பியூட்டரில் தன்னுடைய பெயர் வரும் என்பது அவருக்கு ஒரு பெருமை. அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"உந்தக் கொம்பியூட்டருக்கை போட்டா நாளைக்கு அங்கை வேலை செய்யிற தமிழ்ப் பிள்ளை ஒண்டு பாத்திட்டுப் போய்த் தாயிட்டைச் சொல்லும்."

அங்கே வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளை நான்தான் என்றேன். நானும் பார்த்துவிட்டுத் தாயிடம்தானே சொல்லப்போகிறேன் என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விசயம் அதோடு முடிந்தது. உண்மையைச் சொன்னால், சம்மதித்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. அந்தத் தொடர்பு கிழமை நாட்களில் வேலை நேரத்தில்தான் இயங்கியது. அதிலும் பாதி நேரம் பழுது.

அந்த மாரியில் விட்பியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கொம்பியூட்டர் படித்தவர். பெரிய வங்கிகளின் கொம்பியூட்டர்களை ஒன்றோடொன்று இணைப்பது அவருடைய தொழில். புது வீடு, புது வான் வண்டி, தகப்பன் இல்லை, தாய் மட்டும். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பின் பொம்பிளை பார்க்க வருவதாக ஏற்பாடு. அம்மா விடியற்காலையிலிருந்து றோல்ஸ் பொரித்தார். எனக்குச் சேலை கட்டிவிட்டார். அப்பாவுக்குப் புதுச் சப்பாத்து வாங்கியிருந்தார், பளபளவென்று அடித்தோல் வழுக்கும் சப்பாத்து. முதல்நாள் பெய்த ஸ்னோ உருகி, இரவில் உறைந்து, டிரைவ்வே கண்ணாடியாகிக் கிடந்தது. வருகிறவர்கள் வழுக்கி விழுந்துவிடக்கூடாதே என்று அப்பா சூட் போட்டுக்கொண்டு உப்பு வாளியோடு வெளியே போனார்.

அவர் உப்புப் போட்டு முடிப்பதற்குள் வான் வந்துவிட்டது. அவசரமாகக் கைகூப்பினார். வாளி ஒரு பக்கம் போனது, அவர் மறுபக்கம் போனார். பின்மண்டை நிலத்தில் பட்ட சத்தம் ஜன்னலுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது.

அப்பா உடனே எழும்பி உட்கார்ந்து, ஒன்றுமில்லை என்று சிரித்தார். இரத்தம் இல்லை. ஆனால் வந்தவர்களைப் பார்த்து "வாங்கோ வாங்கோ" என்றவர், சிறிது நேரம் கழித்து முதல் தடவை காண்பவர்போல் திரும்பவும் "வாங்கோ வாங்கோ" என்றார். நான் அம்பியூலன்ஸுக்கு அடிக்கப் போனேன். அம்மா டெலிபோனில் கையை வைத்து அமத்தினார். சத்தம் போட்டுக்கொண்டு வரும், அக்கம்பக்கம் பார்க்கும் என்றார். மாப்பிள்ளை பண்பாகத் தன்னுடைய வானில் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். அப்பாவைப் பிடித்து ஏற்றினார்கள். அம்மாவும் மாப்பிள்ளையின் தாயும் ஏறினார்கள். நானும் ஏறப்போனேன். அவர்கள் பார்க்க வந்த பொம்பிளையே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து நிற்பது நல்ல சகுனமில்லை என்று அம்மா என் காதுக்குள் சொல்லிக் கதவைச் சாத்தினார். வான் போய்விட்டது.

குளிசையைச் சொல்லச் சொல்லிக் கத்தினேன். வான் கண்ணாடி பூட்டியிருந்தது. அம்மா சொல்லுவார், கட்டாயம் சொல்லுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றேன். பிறகு அம்மாவை எனக்குத் தெரியும் என்பது நினைவு வந்தது. விற்றமின் போத்தலை எடுத்துக்கொண்டு டாக்ஸி பிடித்தேன். சேலைக்கு மேலே அப்பாவின் தடித்த ஜக்கெற், கீழே ஸ்னோ பூட்ஸ். டாக்ஸிக்காரர் கண்ணாடியில் என்னைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

கிட்ட இருந்தது நான் வேலை செய்த ஆஸ்பத்திரிதான், வானும் அங்கேதான் போயிருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் திரைச்சீலைகள் வரிசையாகத் தொங்கின. எந்தச் சீலைக்குப் பின்னால் என்று தேட வேண்டியிருக்கவில்லை, அம்மாவின் குரல் கேட்டது. டொக்டர் இங்கிலிஷில் கேட்டார். மாப்பிள்ளை அதை அழகான தமிழில் அம்மாவிடம் கேட்டார். முன்பு ஏதாவது நோய் உண்டா, தினமும் ஏதாவது மருந்து எடுக்கிறாரா, முக்கியமாக இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து.

"ஒரு வருத்தமும் இல்லை, தம்பி. ஒரு குளிசையும் போடுறேல்லை. கல்லுமாதிரி இருக்கிறார்."

மாப்பிள்ளை அதை அழகான இங்கிலிஷில் டொக்டரிடம் சொன்னார். கல்லைக்கூட விடவில்லை. டொக்டர் அப்பாவிடமும் ஒருமுறை கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தது சீலை இடுக்கால் எனக்குத் தெரிந்தது. பிறகு அவரும் இல்லையென்று தலையாட்டினார். அப்படியென்றால் சின்ன அடிதான், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், வாந்தி எடுத்தால் மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று டொக்டர் எழும்பும் சத்தம் கேட்டது.

நான் சீலையை இழுத்தேன். அப்பா இரத்தத்தை இளக்கும் குளிசை போடுகிறார், நெஞ்சு வருத்தத்துக்காக, இரண்டு வருசமாக என்று இங்கிலிஷில் சொன்னேன். போத்தலை டொக்டரின் கையில் கொடுத்தேன். அவர் விற்றமின் என்ற எழுத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். திறந்து பாருங்கள் என்றேன். திறந்து ஒரு குளிசையை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். அதன் பிறகு அந்த மனிதர் நடக்கவில்லை, ஓடினார். சற்று நேரத்தில் அப்பாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஸ்கானுக்குப் போனார்கள்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு விருப்பமில்லை.

மண்டை ஓட்டுக்குள்ளே இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் நிற்காத கொஞ்சம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்திருந்தால் எழும்பியிருக்க மாட்டார் என்று டொக்டர் பின்னர் எனக்குத் தனியாகச் சொன்னார். குளிசையின் வேகத்தை முறிக்க மருந்து ஏற்றவேண்டும். இப்போது எவ்வளவு போடுகிறார், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது பழைய அளவு. நகர ஆஸ்பத்திரிக்கு அடித்துக் கேட்க ஒரு நர்ஸ் ஓடினார். அவர் ஓடவேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை. மெசின் பேசும். மெசின் பேசியது, மிகவும் மரியாதையாக, திங்கள் காலை அழைக்கும்படி.

அப்போது மாப்பிள்ளையின் தாய் தொண்டையைச் செருமினார். அதுவரை ஒரு மூலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அடக்கமாக இருந்தவர்.

"போன கிழமைதான் குளிசையைக் கூட்டினவை, பிள்ளை. ஒண்டு போட்டவருக்கு ஒண்டரையாக்கினவை."

நான் அதை டொக்டருக்குச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு போனார். போன பிறகுதான் என் காதில் விழுந்தது என்ன என்பது எனக்கு உறைத்தது. எங்களுக்கே தெரியாத விசயம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. அவருடைய தம்பி சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பழைய கட்டடத்தில் இருக்கிறார். அப்பா ஒவ்வொரு மாதமும் இரத்தம் சோதித்துவிட்டு அந்தக் கட்டடத்துக்குப் போய், கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் இருந்து பழைய ஆட்களோடு கதைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். எந்த ரெஸ்ற், என்ன அளவு, டொக்டர் என்ன சொன்னார், எல்லாம் அங்கே ஒப்புவிப்பாராம். கூட்டினதை வீட்டில் சொன்னால் மனிசி பயப்படும் என்றும் அங்கேதான் சொன்னாராம். அம்மா இரண்டு வருசமாகத் தாளை உரித்தும் போத்தல் மாற்றியும் காத்த இரகசியத்தை அப்பா மாதாமாதம் வோஷிங் மெசினுக்குப் பக்கத்தில் அவிழ்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"அப்ப அம்மா இல்லையெண்டு சொல்லேக்கை உங்களுக்குத் தெரியும்."

"ஓம். பொம்பிளை கேக்க முந்தியே எல்லாம் விசாரிச்சுத்தானே வந்தனாங்கள். அம்மா தன்ர வாயாலை சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள். நாலு பேருக்கு முன்னாலை ஒரு ஆளைப் பொய்யராக்கக் கூடாதெல்லோ, பிள்ளை."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். மாப்பிள்ளையின் தாய் உண்மையாகவே ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்திருக்காவிட்டால், அப்பாவை வானில் ஏற்றி, கதவு வரை பிடித்துக்கொண்டு வந்து, படுக்கவைத்து, றோல்ஸ் சாப்பிட்டு, சுகமாகட்டும் என்று வாழ்த்திவிட்டு விட்பிக்குப் போயிருப்பார். மகனும் அப்படித்தான்.

மகன் கொரிடோரில் கோப்பி வாங்கி வந்து எனக்கு ஒன்று நீட்டினார். உங்களுக்கும் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். ஏன் அப்படி மொழிபெயர்த்தீர்கள் என்றேன்.

"அன்ரி சொன்னதைத்தானே நான் சொல்லலாம். நான் இடையிலை ஒண்டைச் சேர்த்தா அது பிழை. மற்றது, அது உங்கட ஃபமிலியின்ர பிரைவசி எல்லோ."

கொஞ்சம் கோப்பி குடித்தார். பிறகு, இதற்காகத்தான் இரண்டு ஆஸ்பத்திரி ரெக்கோட்டையும் இணைக்கவேண்டும் என்றார். அப்படி இணைத்திருந்தால் இன்றைக்கு இந்தப் பிரச்சினையே வந்திராது, தொழில்நுட்பம் எப்போதோ வந்துவிட்டது, மனிதர்கள்தான் பிந்தி நிற்கிறார்கள் என்று எனக்கு விளக்கினார். அப்பா படுத்திருந்த கட்டிலுக்கும் சற்று முன் அவர் நின்று மொழிபெயர்த்த இடத்துக்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்கவில்லை. அந்த முழத்தைக் கடக்க அவருக்கு எந்த வயர் வேண்டியிருந்தது என்று கேட்க வாய் உன்னியது. கையிலிருந்த கோப்பி சுட்டது, அதைப் பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

கசிவு நின்றது. மண்டையைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவை மேலே வார்ட்டுக்கு மாற்றினார்கள். திங்கள் காலை நான் கீழே என் பிரிவுக்குப் போய் நகர ஆஸ்பத்திரிக்கு ஃபாக்ஸ் அனுப்பினேன். பதில் பின்னேரம் வந்தது. கறுப்பாக இருந்தது. குளிசையின் அளவு இருக்கவேண்டிய இடம் எல்லாவற்றையும்விடக் கறுப்பு. டொக்டரின் பைலில் அளவு என்று ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது ஒன்றரை. தகவல் தந்தவர் என்ற இடத்தில் குடும்ப நண்பர் என்று போட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை அம்மா இடியப்பமும் சொதியும் கொண்டு வார்ட்டுக்கு வந்தார். நாலு நாளும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர் அன்று முகமெல்லாம் மலர்ந்திருந்தார். விட்பியிலிருந்து போன் வந்ததாம். அவர்களுக்குப் பூரண சம்மதமாம். தையில் வைக்கலாமாம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தபடியே சொல்லிக்கொண்டு போனார். வருத்தம் தெரிந்தும் வந்தார்கள். தெரிந்தும் ஒரு சொல் கேட்கவில்லை. அந்த இடத்திலும் எங்களைத் தலைகுனியவிடவில்லை. இப்படி ஒரு குடும்பம் விளக்குப் பிடித்துத் தேடினாலும் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு வேண்டாம் என்றேன்.

பாத்திரத்தின் மூடி அம்மாவின் கையில் அப்படியே நின்றது. என்ன குறை கண்டாய் என்றார். குடியா, சிகரெட்டா, சம்பளம் குறைவா.

"என்ன மரியாதையான சனம், பிள்ளை."

"அப்பா செத்திருந்தா செத்தவீட்டுக்கும் அதே மரியாதையோடை முதல் ஆளா வந்து நிண்டிருப்பினம், அம்மா."

அம்மா பாத்திரத்தை மூடினார். கட்டிலில் கிடந்த அப்பா கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"ஓம்" என்றார். "வந்திருப்பினம்."